கோபித்துக்கொண்டு போக ஒரு வீடு

ஓசூருக்கு வாழ வந்த இரண்டே மாதத்தில் தர்ஷினிக்கு எல்லாம் கிடைத்துவிட்டது. ஒரு கணவன், கீழ்வீட்டில் மாமனார் மாமியார், மேலே தனியாக ஒரு மாடி போர்ஷன், உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் வேலை. இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான். கோபித்துக்கொண்டு போவதற்கு ஒரு வீடு.

இருந்தது, இல்லாமல் இல்லை. அது மலேசியாவில், ஈப்போவில் இருந்தது. புருஷனோடு சண்டை போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கினால், பெங்களூர் விமான நிலையத்துக்கு ஒரு டாக்ஸி, நாலு மணி நேரம் ஆகாயம், பிறகு கோலாலம்பூரிலிருந்து பஸ். அவ்வளவு தூரத்துக்கு எந்தக் கோபமும் சூடு ஆறாமல் போய்ச் சேராது. பாதி வழியில் தூக்கம் வந்துவிடும்.

அவளுடைய கணவன் விமல்ராஜ், பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மெஷின் பொருத்திக் கொடுக்க ஆறு மாதம் ஈப்போவுக்கு அனுப்பினார்கள். போனவன் மெஷினைப் பொருத்தினானோ இல்லையோ, தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருத்தியைக் கோயிலில் பார்த்து, பேசி, பெற்றோரை வீடியோ காலில் உட்கார வைத்து, வைகாசியில் கல்யாணத்தையும் முடித்துக்கொண்டு வந்துவிட்டான்.

பள்ளிக்கூடம் தர்ஷினிக்குப் பிடித்துப்போயிற்று. நாற்பது பிள்ளைகள். ஒருத்தி தெலுங்கில் சந்தேகம் கேட்பாள், ஒருவன் கன்னடத்தில் தண்ணீர் குடிக்கப் போவான், வகுத்தல் கணக்கு மட்டும் எல்லா மொழியிலும் ஒரே மாதிரி தப்பாக வரும். அவள் ஈப்போ வழக்கப்படி வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு 'லா' போடுவாள். மூன்றாவது வாரம் தலைமை ஆசிரியர் வகுப்புக்குள் எட்டிப் பார்த்தபோது, நாற்பது பிள்ளைகளும் எழுந்து நின்று, "முடிஞ்சிச்சுலா மிஸ்!" என்றார்கள். தக்காளித் தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகளின் தாய்மார்கூட இப்போது "ஆமாலா" சொல்கிறார்கள் என்று கேள்வி.

பள்ளியில் தகராறே இல்லை. தகராறு மஞ்சள் டேப்பில் இருந்தது.

விமல்ராஜின் கம்பெனியில் ஃபைவ் எஸ் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் குறி, அந்த இடத்தைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப் ஒட்டு, முப்பது நாளாக யாரும் தொடாத பொருளுக்குச் சிவப்பு அட்டை கட்டு, அப்புறமும் யாரும் கேட்காவிட்டால் வெளியே தள்ளு. மற்றவர்கள் இந்தச் சமாச்சாரத்தையெல்லாம் கம்பெனி கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வருவார்கள். விமல்ராஜ் கொண்டுவந்துவிட்டான். சமையலறையில் உப்பு ஜாடியைச் சுற்றி மஞ்சள் சதுரம், வாசலில் செருப்புக்கு மஞ்சள் சதுரம், குளியலறை வாளிக்கு மஞ்சள் வட்டம். ஒரு மதியம் அவன் அம்மா ஜோதிமணி கூடத்தில் பாய் போட்டு அசந்து தூங்கிவிட, விழித்துப் பார்த்தால் அவரைச் சுற்றியும் மஞ்சள் டேப் ஓடியிருந்தது என்று தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

ஆனி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை. பழைய இரும்பு, பழைய பேப்பர் என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு ஒரு டெம்போ தெருவைக் கடந்து போனது. பத்து நிமிடம் கழித்து தர்ஷினி அலமாரியைத் திறந்தாள். மேல்தட்டில் ஒரு மஞ்சள் சதுரம் காலியாக இருந்தது.

"விமல், இங்க இருந்த என் மைலோ டின் எங்க?"

"அதுவா?" விமல்ராஜ் பெருமையோடு ஒரு புது பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக் காட்டினான். "பழைய இரும்புக்குப் போட்டாச்சு தர்ஷி. அது கூட ரெண்டு பழைய குக்கரும் போட்டேன், குடம் குடுத்தான். செம டீல்."

தர்ஷினி அந்தக் காலிச் சதுரத்தைத் தடவிப் பார்த்தாள்.

சாக்லேட் பானத்தூள் வந்த அந்தப் பழைய டின்னில் இருந்தது இதுதான். ஈப்போ பள்ளியில் அவள் கடைசி நாளன்று, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரும் வரிசையாக வந்து ஆளுக்கொரு பரிசு கொடுத்தார்கள். காசு போட்டு வாங்கியதெல்லாம் இல்லை. அவரவர் பையில் என்ன இருந்ததோ அது. முப்பத்தோரு பென்சில் துண்டுகள். முப்பத்திரண்டாவது பிள்ளைக்குப் பென்சில் தொலைந்துபோயிருந்தது. அவன் அன்று காலைதான் விழுந்த தன் பால் பல்லைக் கொடுத்துவிட்டான்.

"திறந்து பாக்கலையா?"

"பாத்தேனே. பென்சில் எல்லாம் அரை இஞ்சுக்கு மேல இல்ல. ஒரு பல்லு வேற. யூஸ் ஆவாது தர்ஷி. நான் சும்மா தூக்கிப் போடல. ரெட் டேக் கட்டி, தேதி போட்டு, கெடு குடுத்துத்தான் போட்டேன். நீ ஒரு ஆட்சேபணையும் சொல்லல."

சிவப்பு அட்டையை அவள் பார்த்திருந்தாள். கல்யாணப் பரிசில் கட்டி வந்த ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தாள்.

"நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்!"

உலகத்தில் எந்தப் புருஷனும் சொல்லாத பதிலை விமல்ராஜ் சொன்னான். கேலியாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, உதவி செய்கிற முகத்தோடு சொன்னான். "பாஸ்போர்ட் பீரோவுல ரெண்டாவது தட்டு. லேபிள் ஒட்டியிருக்கேன் பாரு."

தர்ஷினி பெட்டியில் நாலு துணியைத் திணித்தாள். தடதடவென்று மாடிப்படி இறங்கினாள். வாசல் வரை வேகம் இருந்தது. கேட்டைத் திறந்ததும் நின்றுவிட்டாள். இடது பக்கம் மளிகைக்கடை, வலது பக்கம் பஸ் நிறுத்தம். எங்கே போவது? திங்கட்கிழமை பள்ளியில் பின்னங்கள் பாடம் வேறு இருந்தது.

ஜோதிமணி முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவர் பிறந்த ஊர் கரூர். கல்யாணமான புதிதில் பதினோரு தடவை கோபித்துக்கொண்டு கரூருக்குப் போனவர். பதினோரு தடவையும் அவர் கணவர் மாடசாமி அல்வாவும் பூவுமாகப் போய்க் கூட்டிவந்தார். அந்த அனுபவமெல்லாம் குரலில் தெரிய ஜோதிமணி சொன்னார்:

"கண்ணு, தப்பு அவன் மேலதான். ஆனா நீ கேட்டு பக்கத்துலயே நின்னீன்னா அவன் எப்புடிப் பயப்படுவான்? பொம்பளைக்குக் கோவம் வந்தா போறதுக்கு ஒரு எடம் இருக்கோணும். நானெல்லாம் கரூர்னு ஒரு ஊரு இருந்ததாலதான் இந்த மனுசனத் திருத்துனேன்."

உள்ளேயிருந்து மாடசாமி குரல் கொடுத்தார். நாற்பது வருஷம் ஓசூர் கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆகியும் திருநெல்வேலிப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. "ஏட்டி, நான் திருந்தல. பஸ்ஸுல போயிப் போயி அலுத்துப்போச்சு."

தர்ஷினிக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. "எனக்கு இங்க யாருலா இருக்கா அத்தை? கோவிச்சுக்கக்கூட ஆள் இல்ல."

அப்போதுதான் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

எதிர்வீட்டு காத்தூனும் அவர் கணவர் கௌஸ் மொய்தீனும் இருபது வருஷமாக அந்தத் தெருவில் இருப்பவர்கள். கௌஸ் மொய்தீன் மாங்காய் வியாபாரி. தர்ஷினி வந்த மறுநாள் காலையில் காத்தூன் ஜன்னல் வழியாக, "என்ன புள்ள, பசியாறியாச்சா?" என்று கேட்டிருந்தார். மற்றவர்களெல்லாம் டிபன் ஆச்சா, டிபன் ஆச்சா என்று கேட்கிற ஊரில் அவர் ஒருவர்தான் ஈப்போவில் அம்மா கேட்கிற மாதிரி கேட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் தெருவின் இரண்டு பக்கத்திலிருந்தும் இருவரும் மாற்றி மாற்றிப் பசியாறிக்கொண்டிருந்தார்கள்.

காத்தூன் இடுப்பில் கை வைத்து நின்றார். "யாருமில்லையா? நான் என்ன தென்னமரமா? பெட்டியத் தூக்கிட்டு வா புள்ள. இனிமே இதுதான் உனக்கு அம்மா வீடு."

தர்ஷினி ஓர் அடி எடுத்து வைத்தாள். ஜோதிமணி கீரையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"நில்லு கண்ணு! காத்தூனக்கா, நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்குது. ஆனா ரோட்டத் தாண்டிப் போறதெல்லாம் ஒரு கோவமா? நாளைக்கு ஊருல என்ன பேசுவாங்க? சக்கரை கடன் வாங்கப் போனான்னுதான் பேசுவாங்க. கோவிச்சுக்கிட்டுப் போனா பஸ் ஏறோணும். அதுதான் மொறை."

காத்தூன் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. உள்ளே திரும்பி, "என்னங்க! சட்டையப் போடுங்க. பொண்ணக் கூட்டிட்டு வரணும்" என்றார்.

கௌஸ் மொய்தீன் வியாபாரி. எதற்கு என்று கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டார், அத்தர் பூசினார், தெருவைத் தாண்டி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். "வாம்மா, போலாம்."

பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ் வந்தது. தர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். விமல்ராஜ் மாடியில் பிளாஸ்டிக் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் கிளம்பியபோது ஜோதிமணி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். மாடசாமிகூட வெளியே வந்து கை காட்டினார்.

பஸ் அரை மணி நேரம் ஊரைச் சுற்றிப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனது. எல்லோரும் இறங்கினார்கள். தர்ஷினியும் கௌஸ் மொய்தீனும் மட்டும் இறங்கவில்லை. கண்டக்டர் சென்னப்பன் பெட்டியைப் பார்த்தார், அழுத முகத்தைப் பார்த்தார்.

"பாய், எங்க போவணும்?"

"ஏறின ஸ்டாப்புக்குத்தான்."

"அப்புறம் எதுக்கு ஏறினீங்க?"

"பொண்ணு கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போவுதுப்பா."

சென்னப்பனுக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். எத்தனையோ பேரை எத்தனையோ ஊருக்கு அழுதுகொண்டே ஏற்றிவிட்டவர். அவர் மேலே ஒன்றும் கேட்காமல், "ஜன்னல் ஓரமா உக்காரும்மா. அழுவறதுக்கு அதான் தோதா இருக்கும்" என்றார்.

எந்த இடத்தில் ஏறினாளோ அதற்கு நேர் எதிரே தர்ஷினி இறங்கினாள். காத்தூன் வாசலில் நின்று, அவளைப் பத்து வருஷமாகப் பார்க்காதவர் மாதிரி கட்டிக்கொண்டார். "எளைச்சுப் போயிட்டியே புள்ள!" என்றார். காலையில் பார்த்ததற்கு ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து அந்தத் தெருவுக்கு வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை. தர்ஷினி எதிர்வீட்டிலிருந்து பள்ளிக்குப் போனாள், எதிர்வீட்டுக்கே திரும்பினாள். ஜோதிமணி தினமும் சாயங்காலம் சம்பந்தி என்ற முறையில் தெருவைத் தாண்டி வந்து, காத்தூன் போட்டுக் கொடுத்த சுக்கு மல்லி காப்பியைக் குடித்துக்கொண்டு, தன் பிள்ளையைக் காது கூசும்படி திட்டிவிட்டுப் போனார். விமல்ராஜ் அப்போது காலை ஷிப்ட். மூன்று மணிக்கெல்லாம் வந்து மாடிக் கைப்பிடிச் சுவரில் தாடையை ஊன்றிக்கொள்வான். அவன் தாடை பட்டுச் சுவரில் பள்ளம் விழுந்துவிட்டது.

திங்கள் மாலை அவன் வந்தான். கையில் பெரிய தாள் ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தான்.

"மாப்பிள்ளை, உக்காருங்க" என்று காத்தூன் முன்னறையோடு நிறுத்தினார். இத்தனை வருஷமாக அவனை டேய் விமலு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். "பொண்ணு உள்ள இருக்குது. விஷயத்த எங்கிட்ட சொல்லுங்க."

"ஆன்ட்டி, ஒய்-ஒய் அனாலிசிஸ் பண்ணியிருக்கேன். அஞ்சு தடவ ஏன், ஏன்னு கேட்டா எந்தப் பிரச்சனைக்கும் மூல காரணம் தெரிஞ்சிடும். கம்பெனியில இதுக்கு எனக்கு கப்பு குடுத்திருக்காங்க."

தாள் உள்ளே போனது. தர்ஷினி படித்தாள். மனைவி ஏன் போனாள்? டின் இல்லாததால். டின் ஏன் இல்லை? இரும்புக்குப் போட்டதால். ஏன் போட்டது? முப்பது நாள் தொடாததால். ஏன் தொடவில்லை? தேவைப்படாததால். தேவைப்படாததை ஏன் வைத்திருந்தாள்? இதற்குப் பதிலாக விமல்ராஜ் கட்டம் கட்டி எழுதியிருந்தான்: மனைவி டின்னின் மேல் 'முக்கியம்' என்று லேபிள் ஒட்டாததால்.

உள்ளேயிருந்து தாள் திரும்பி வந்தது. சிவப்பு மையில், கணக்கு டீச்சர் கையெழுத்தில்: 'விடை தவறு. 0/5. மீண்டும் செய்க.'

விமல்ராஜ் பள்ளிக்கூடத்தில்கூடப் பூஜ்யம் வாங்கியதில்லை. முகம் செத்துப்போய் வீடு திரும்பினான்.

கீழே மாடசாமி காத்திருந்தார். "ஏலே, பேப்பரத் தூக்கிக்கிட்டா பொண்டாட்டியக் கூட்டப் போவாவ? நான் கரூருக்குப் பதினோரு தடவ போனேன். ஒரு தடவகூட நீ செஞ்சது தப்புன்னு உங்க ஆத்தாகிட்ட விளக்கல. போட்டத எடுத்துக் குடுலே, மொதல்ல!"

செவ்வாய்க்கிழமை விமல்ராஜ் பழைய இரும்பு டெம்போவைத் தேடிப் பிடித்தான். நல்ல மூடி போட்ட டப்பாக்களையெல்லாம் குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தையில் கடலை விற்கிறவர்கள் அளப்பதற்கு வாங்கிக்கொள்வார்கள், அங்கேதான் போயிருக்கும் என்றான் டெம்போக்காரன். சந்தை நாளன்று விமல்ராஜ் லீவு போட்டான். கம்பெனியில் சேர்ந்த ஒன்பது வருஷத்தில் அவன் சொந்தக் கல்யாணத்தைத் தவிர வேறு எதற்கும் லீவு போட்டவன் இல்லை. சந்தையில் எல்லோரையும் தெரியும் என்பதால் கௌஸ் மொய்தீனும் கூடப் போனார். பெண் வீட்டுக்காரர் எப்படி மாப்பிள்ளையோடு போகலாம் என்று காத்தூன் கேட்டதற்கு, "நான் வேவு பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை தர்ஷினி பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கௌஸ் மொய்தீன் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிய உள்ளே வந்தார். பின்னாலேயே ஒரு வாடையும் வந்தது. மாட்டுச் சாணி வாடை.

"அம்மா, உம் புருஷனப் பாத்தியா? வாசல்ல நிக்கிறாரு. உள்ள வர வேணாம்னு நான்தான் சொன்னேன்."

"என்னாச்சு அங்கிள்?"

"டின்னு கெடச்சிச்சு. ரங்கம்மான்னு ஒரு கடலக்காரம்மா, அதுலதான் அளந்துக்கிட்டு இருந்துச்சு. டின்ன உடனே குடுத்துடுச்சு. பென்சிலெல்லாம் ஒரு பையில முடிஞ்சு வெச்சிருந்துச்சு, மூட்டையில வெல எழுத. அதையும் குடுத்துச்சு. உம் புருஷன் நடுச் சந்தையில குந்திக்கிட்டு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுறாரு, முப்பத்தொண்ணும் சரியா இருக்குது. அப்புறம் பல்லு எங்கன்னு கேட்டாரு. ரங்கம்மா, 'தேவுடா! பால் பல்ல யாராச்சும் டப்பாவுல போட்டு வெப்பாங்களா? புள்ளைக்கு அடுத்த பல்லு நல்லா மொளைக்கட்டும்னு சாணியில உருட்டிக் கூரை மேல போட்டுட்டேன்'னு சொல்லுது."

தர்ஷினி துண்டை முகத்திலிருந்து எடுத்தாள்.

"சந்தைக்குப் பின்னாலதான் அது வீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஏற வேணாம் மாப்பிள்ளை, ஒடையும்னு நான் கத்தறேன். கேக்கல. ஏறிட்டாரு. அந்தம்மா வீட்டுல ஏழு பேரப் புள்ளைங்களாம். மேல கூரை முழுக்கக் காஞ்ச சாணி உருண்டை! ஒவ்வொண்ணா ஒடைச்சுப் பாக்கறாரு. கீழ மாடு வாங்க வந்தவன், விக்க வந்தவன், மாட்டுத் தரகன், மாடு, எல்லாரும் அண்ணாந்து பாக்கறாங்க. பத்தொம்போதாவது உருண்டையில கெடச்சிச்சு."

"அதுதான் நம்ம பல்லுன்னு எப்படிலா தெரியும்?"

"நானும் அதேதான் கேட்டேன். 'ஓரத்துல சின்னதா ஒடைஞ்சிருக்கும் பாய், அன்னிக்கு டப்பாவுல பாத்தப்பவே கவனிச்சேன்'னாரு. குவாலிட்டி இன்ஸ்பெக்டர்னா சும்மாவா!"

தர்ஷினி வாசலுக்கு ஓடினாள். விமல்ராஜ் முழங்கை வரை சாணியோடு, மைலோ டின்னை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான். டின்னின் மேல் புதிதாக ஒரு லேபிள் ஒட்டியிருந்தது. 'தர்ஷி சொல்லாமல் தொடக் கூடாது.'

"அஞ்சாவது 'ஏன்'னுக்குப் பதில தப்பா எழுதிட்டேன் தர்ஷி" என்றான். "ஏன்னா நான் உன்ன ஒரு வார்த்த கேக்கல. அவ்வளவுதான்."

ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம்போல இருந்தது தர்ஷினிக்கு. டின்னை வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள். பழைய சத்தம் அப்படியே வந்தது. ஈப்போவும் மூன்றாம் வகுப்பும் அதற்குள் கடகடவென்று ஓடின. "குளிச்சிட்டு வாங்க. நான் பெட்டிய எடுத்துக்கறேன்" என்றாள்.

அதற்குள் ஜோதிமணியும் மாடசாமியும் அல்வாவும் பூவுமாகத் தெருவைத் தாண்டி வந்துவிட்டார்கள். காத்தூன் தட்டில் பழம் வைத்தார். எல்லோருக்கும் கண் கலங்கியிருந்தது. தர்ஷினி பெட்டியோடு படியிறங்கப் போனாள். ஜோதிமணியின் பார்வை அந்தச் சமயம் பார்த்துச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டர் மேல் விழுந்தது.

"அய்யய்யோ! காத்தூனக்கா, நாளைக்கு ஆடி ஒண்ணு!"

"ஆமா, அதுக்கென்ன?"

"புதுப்பொண்ண ஆடி மாசம் புருஷன் வீட்டுல வெக்கக்கூடாதே! அம்மா வீட்டுலதான் இருக்கோணும். ஈப்போவுக்கு எப்புடி அனுப்பறதுன்னு நான் ஒரு மாசமா ராத்திரி பகலா யோசிச்சிக்கிட்டு இருந்தேன். இப்பத்தான் உள்ளூர்லயே அம்மா வீடு வந்துருச்சே!"

காத்தூன் ஒரே எட்டில் பெட்டியைத் தர்ஷினி கையிலிருந்து பிடுங்கி உள்ளே வைத்தார். "மொறைன்னா மொறைதான். ஆடி முடியட்டும், அனுப்பறோம்."

"அம்மா! எதுத்த வீடும்மா! பத்தடி கூட இல்ல!" விமல்ராஜ் அலறியது கர்நாடக எல்லை வரை கேட்டதாம்.

"பஸ் ஏறித்தானே போனா? அப்ப அது வெளியூருதான்" என்று ஜோதிமணி முடித்துவிட்டார். மாடசாமி மகனின் தோளில் கை போடப் போய், சாணியைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். "ஏலே, நான் கரூரு வரைக்கும் போனேன். உனக்கு வசதிதான், செருப்புகூடத் தேயாது."

தர்ஷினிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. இரண்டு வீட்டுக்காரர்களும் அவளுக்காகச் சண்டை போடுகிறார்கள். கோபித்துக்கொள்ள ஒரு வீடு கேட்டாள். கோபம் தீர்ந்த பிறகும் அந்த வீடு அவளை விட மறுக்கிறது.

மறுநாள் காலை. பள்ளி வேன் வருவதற்குப் பத்து நிமிடம் இருந்தது. "பசியாறிட்டியா புள்ள?" என்று காத்தூன் கேட்டுக்கொண்டிருந்தபோது, மாடசாமி தெருவைத் தாண்டி வந்து ஓர் அட்டையை நீட்டினார். "மேல இருக்கான்லா, அவன் குடுக்கச் சொன்னான்." 'லா' அவருக்கும் தொற்றிவிட்டிருந்தது.

அது சிவப்பு அட்டை. விமல்ராஜின் கட்டம் போட்ட கையெழுத்து.

'பொருள்: கணவன். எண்ணிக்கை: 1. இருக்குமிடம்: எதிர்மாடி. நிலை: பயன்பாட்டில் இல்லை. முப்பது நாளுக்குள் யாரும் கேட்காவிட்டால் அப்புறப்படுத்தப்படும்.'

தர்ஷினி அண்ணாந்து பார்த்தாள். மாடியில் அவன் கம்பெனிக்குக் கிளம்பாமல், சுவரின் பள்ளத்தில் தாடையை வைத்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பியிருந்தான். ஆனால் ஒரு கண் இந்தப் பக்கம்தான் இருந்தது.

கைப்பையிலிருந்து விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்தாள். அட்டையின் அடியில், எதிர்மாடிக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக எழுதி, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

'ஆட்சேபணை உண்டு.'

வேன் வந்து ஹாரன் அடித்தது. அட்டையை மைலோ டின்னில், பல்லுக்குப் பக்கத்தில் போட்டு மூடிவிட்டு, பின்னங்கள் நடத்த அவள் ஓடினாள்.